ஐம்பத்திரண்டு படிகள்

குழாயைத் திறந்தால் விசில் அடிக்கிறது,
நூற்றுப் பதினெட்டாவது நாளாக.
வெள்ளம் வந்து நீரேற்று நிலையத்தை அடித்துக்கொண்டு போனது;
தண்ணீர் வந்ததால் தண்ணீர் இல்லை என்று
டோங்காட்டில் சிரிக்காமல் சொல்லப் பழகிவிட்டோம்.

லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது.
ஒருநாள் விடியல் நாலு மணி.
ஒருநாள் நான் தொழிற்சாலையில்
பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருக்கையில்.
அப்போதெல்லாம் வரிசையில் எனக்காக நிற்பது
ஒரு செங்கல்.
அதைக் கொண்டுபோய் வைப்பவள் சிபொங்கிலே,
எனக்கு நேர் கீழ்வீடு.
சுண்ணாம்பில் என் கதவு எண் எழுதிய செங்கல்.
ஒரே ஒருமுறை யாரோ அதைத் தள்ளிவைத்தார்கள்;
அவள் போட்ட சத்தம்
கரும்புத் தோட்டம் வரைக்கும் கேட்டதாம்.

இருபது லிட்டர் வாளி.
முதல் மாடிக்கு வலது கை.
இரண்டாவதுக்கு இடது.
மூன்றாவதில், கை என்று ஒன்று இருப்பதையே
மறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தம்பி தனசீலன் போனில்:
"இதைவிட மோசமாக எத்தனை பேர் இருக்கிறார்கள்,
நினைத்துப் பார் அக்கா."
அவன் பின்னால் ஷவர் ஓடும் சத்தம்.
நினைத்துப் பார்த்தேன்.
இன்னொருத்தியின் தொண்டை வறண்டால்தான்
என் சொம்பு நிறைந்ததாகுமா?
அப்படி வரும் நிம்மதி எனக்கு வேண்டாம் என்று
சொல்வதற்குள் லைன் அறுந்தது.

ஆனாலும் கண் மாறித்தான் போயிருக்கிறது, மறைப்பானேன்.
அரிசி கழுவிய தண்ணீர் கீரை கழுவும்.
கீரை கழுவியது தரை துடைக்கும்.
தரை துடைத்தது கழிவறைக்குப் போகும்.
ஒரே தண்ணீருக்கு நாலு பிறவி.
முன்பு இதே சமையலறையில்
குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசி நிற்பேன்;
எத்தனை ஜென்மத்தை அப்படிச் சாக்கடையில் விட்டேனோ.

போன செவ்வாய், நாற்பத்து மூன்றாம் படியில்
தேவஷனுக்குக் கால் இடறிற்று.
இருபது லிட்டரும்
ஏறிய வழியே இறங்கிப் போனது.
பதினாறு வயதுப் பையன், நனைந்த காலோடு நின்றான்.
நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.
கீழே எட்டிப் பார்த்தால்
தரைத்தளத்து மிஸ்டர் மூட்லி துடைப்பத்தோடு ஓடிவந்து
வழிகிற தண்ணீரை வழியிலேயே மடக்கி
படிகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.
"நாலு மாதம் கழித்துக் குளிக்கிறது, பாவம்!"
தேவஷன்தான் முதலில் சிரித்தான்.
எனக்கு மறுநாள்,
முப்பதாவது காலரில் ஊசி இறங்கும்போதுதான் வந்தது சிரிப்பு.

"ஙியபோங்கா" என்பேன் சிபொங்கிலேயிடம், ஒவ்வொரு முறையும்.
என் வீட்டில் யாரும் யாருக்கும்
நன்றி என்று சொல்லி நான் கேட்டதில்லை;
தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழும், அதோடு சரி.
அதனாலோ என்னவோ அந்தச் சொல்
அவள் மொழியில்தான் எனக்குக் கூச்சமில்லாமல் வருகிறது.
ஒருநாள் திருத்தினாள்:
ஒருத்தியாக நின்று சொல்லாதே,
பலராக நின்று சொல். "சியபோங்கா."
நாமா, நாங்களா?
தமிழில் அது இரண்டு கதவு.
அவளையும் உள்ளே விடுகிற சொல்லா,
வாசலில் நிறுத்திவைக்கிற சொல்லா என்று
கேட்க வாய் திறந்தேன்.
வரிசை நகர்ந்துவிட்டது.

நேற்று இரவு இரண்டே கால்.
என் தரைக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம்,
துடைப்பக் கட்டையால் மூன்று தட்டு.
இறங்கி ஓடினால், அவள் குழாயில்
தேநீர் நிறத்தில், நூலாக, இருமி இருமி
வந்துகொண்டிருக்கிறது.
தூக்கம் கலையாத முகத்தோடு ஆளுக்கொரு வாளி பிடித்தோம்.
அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மேலே வந்து என் குழாயைத் திறந்தேன்.
விசில்.
முன்பென்றால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன்.
அடியில் ஒரு சொம்பை வைத்துவிட்டுப்
போய்ப் படுத்தேன்.
வரட்டும், மெதுவாக.
அதற்கும் ஐம்பத்திரண்டு படி.